தகவல் துளி: மடியிலும் சர்வரிலும்

2022-ல் வெளிவந்த இரண்டு கணினிச் செயலிகளை ஒப்பிட்டுப் பார்ப்போமா?

மெல்லிய மடிக்கணினிகளுக்கான இன்டெல் கோர் ஐ5-1235யூ செயலியில் 10 கோர்கள். அடிப்படை மின்திறன் 15 வாட். சர்வர்களுக்கான ஏஎம்டி எபிக் 9654-ல் 96 கோர்கள். மின்திறன் 360 வாட், அதாவது 24 மடங்கு!

ஆனால், உச்சக் கடிகார வேகத்தில் மடிக்கணினிச் செயலியே முந்துகிறது. அது 4.4 கிகாஹெர்ட்ஸ், சர்வர் செயலி 3.7 கிகாஹெர்ட்ஸ்தான். சர்வரின் பலமே வேறு. ஒரே நேரத்தில் குவியும் ஏராளமான வேலைகளைக் கோர்களுக்குப் பங்கிட்டு, இரவு பகல் பாராமல் முடித்துத் தருவதுதான் அதன் சிறப்பு.

கடிதம் எழுதவும் பாடம் படிக்கவும் படம் பார்க்கவும் சிறிய செயலியே தாராளம், பேட்டரியும் நீடிக்கும். ஆகவே மடிக்கணினி வாங்கும்போது கோர் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் வேலைக்கு எது தேவை என்று பாருங்கள்.