உருவில் ஒன்று, பொருளில் வேறு

மொழி விட்டு மொழி செல்லும் சொல் தன் உருவத்தைப் பெரும்பாலும் காத்துக்கொள்கிறது. பொருளை அவ்வாறு காத்துக்கொள்வதில்லை. இவ்வுண்மையை ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்பகுதியில் நாம் கண்கூடாகக் காணலாம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. இன்று கொரியரும் ஜப்பானியரும், பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களின் தொழிலாளரும் தமிழரோடு கலந்து பணிபுரியும் இடம் அது. அங்கு ஒலிக்கும் மொழிகளில் மூவகை மயக்கங்களைப் பிரித்தறியலாம்.

முதலாவது, தற்செயலான ஒலி ஒற்றுமை. நாம் மூத்தவரை 'அண்ணே' என விளிக்கிறோம். ஜப்பானிய மொழியில் 'அனே' என்பது தமக்கை. அம்மொழியில் 'அனி' தமையன். நமக்கோ 'அண்ணி' தமையனின் மனைவி. கொரியரின் 'அப்பா' மட்டும் நம் அப்பாவாகவே இருப்பது இம்மயக்கத்தை இன்னும் வளர்க்கிறது.

இரண்டாவது, வடமொழியிலிருந்து தமிழும் இந்தியும் தனித்தனியே பெற்ற சொற்கள். 'அவசரம்' இங்கே விரைவு. 'அவ்சர்' அங்கே வாய்ப்பு. 'அவகாசம்' தமிழில் தவணைக் காலம். 'அவகாஷ்' இந்தியில் விடுமுறை. ஒரு வேலையை முடிக்க ஒரு வாரம் அவகாசம் தரும் மேற்பார்வையாளர், ஒரு வாரம் விடுமுறை தந்தவராகப் புரிந்துகொள்ளப்படலாம்.

மூன்றாவது வகை நமக்கு மிக நெருக்கமானது. ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் பாரசீகமே நிர்வாக மொழியாக விளங்கியது. 1763இல் நவாப் முகம்மது அலி வாலாஜா கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 'ஜாகீர்' ஆக அளித்ததும் இந்தச் செங்கற்பட்டு வட்டாரத்தைத்தான். கச்சேரியிலும் கணக்கேட்டிலும் வழங்கிய அரபு, பாரசீகச் சொற்கள் தமிழில் நிலைத்தன. அவற்றின் பொருள்கள் நகர்ந்தன. அரபியில் 'தக்ரார்' என்பது திரும்பச் செய்தல் அல்லது திரும்பக் கூறுதல். கூறியதையே மாறிமாறிக் கூறுவது வாதமாகும் என்பதால் உருதுவில் சச்சரவையும் குறித்தது; தமிழின் 'தகராறு' சச்சரவு மட்டுமே. 'மஃமூல்' நடைமுறைப்படுத்தப்பட்டது என்னும் பொருளுடையது. உருதுவில் அது வழக்கம். தமிழில் 'மாமூல்' என்றவுடன் கையூட்டே நினைவுக்கு வருகிறது.

இவற்றுள் பெரும் கவனம் வேண்டும் சொல் 'ராஜினாமா'. 'ராழீ' என்னும் அரபுச் சொல்லுக்கு இசைந்தவர் என்பது பொருள். பாரசீக 'நாமா' எழுத்து ஆவணம். எனவே அது இசைவு முறி. இந்தியிலும் உருதுவிலும் இன்றும் அது இரு தரப்பாரின் சமரசப் பத்திரத்தையே குறிக்கிறது; பணி விலகலுக்கு அங்கே 'இஸ்தீஃபா' என்பர். தமிழிலும் 'ராஜியாகப் போதல்' என்னும் வழக்கில் பழைய பொருள் உயிரோடுள்ளது. ஆயினும் 'ராஜினாமா' என்றால் நமக்குப் பணி விலகலே. மேற்கு இந்திய நிலவருவாய் நடைமுறையில், குடியானவர் தம் நிலத்தை விட்டுக்கொடுத்து எழுதித் தந்த பத்திரமும் இப்பெயர் பெற்றது. விலகுதல் என்னும் பொருள் இத்தகைய வழக்கிலிருந்து கிளைத்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு.

இங்கே மொழியாராய்ச்சி வாழ்க்கையைத் தொடுகிறது. பணியிடத்தில் ஒரு தகராறு. தமிழ் படிக்கத் தெரியாத பீகார் இளைஞரிடம் தாள் ஒன்று நீட்டப்படுகிறது. 'ராஜினாமா' என்று சொல்லக் கேட்கும் அவர், சமரசம் ஏற்பட்டதென நம்பிக் கையொப்பமிடக்கூடும். அவர் இழப்பது தம் வேலையை. ஏமாற்றும் எண்ணம் எவருக்கும் இல்லாதபோதும் இது நிகழலாம் என்பதே இதன் கொடுமை.

கடன் ஆவணம் பற்றிய திருக்குர்ஆன் வசனம் (2:282), கடன் பொறுப்பை ஏற்பவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்றும், அவருக்கு இயலாதபோது அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும் என்றும் நெறிப்படுத்துகிறது. ஆவணத்தால் கட்டுப்படுபவர் அதன் வாசகத்தை அறிந்திருக்க வேண்டும் என்பதை இதிலிருந்து நாம் உணர்கிறோம். நம்மில் உருது அறிந்தோர் பலர் உள்ளனர். அத்தகைய தாளைப் படித்துக்காட்டி, 'இது இஸ்தீஃபா' என்று ஒரு சொல் கூறுவது அவர்களுக்கு அரிதன்று.

இன்னொரு சொல்லும் இங்கு எண்ணத்தக்கது. 'அமானத்' என்பது நம்பி ஒப்படைக்கப்பட்டது. அதை நாம் 'அமானிதம்' என்கிறோம். அதுவே கணக்கேடுகளின் வழியாகப் பொதுத்தமிழில் 'அனாமத்து' என்றாகி, கேட்பாரற்ற பொருளைக் குறிக்கலாயிற்று. அயலூரிலிருந்து வந்து நம்மிடையே உழைப்பவரின் கையொப்பத்தை நாம் எப்பொருளில் கொள்கிறோம் என்பதை இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும்.