சுவர் விரிசலில் இருந்து வரும் காய்ச்சல்

முதல்நாள் வரை ஓடியாடிய பிள்ளைகள். திடீரென்று கடும் காய்ச்சல், வாந்தி. பின்னாலேயே வலிப்பு, நினைவிழப்பு. 2024 ஜூலையில் குஜராத்தின் சபர்காண்டா மாவட்டத்தில் இருந்து ஹிம்மத்நகர் மருத்துவமனைக்கு இப்படித்தான் குழந்தைகளைத் தூக்கிவந்தார்கள். புனே தேசிய வைராலஜி நிறுவனத்துக்கு மாதிரிகள் போயின. சண்டிபுரா வைரஸ் என்று பதில் வந்தது.

கேட்பவருக்குப் புதிய வைரஸ் என்றே தோன்றும். உண்மையில் 1965இலேயே, நாக்பூரில் டெங்குவும் சிக்குன்குனியாவும் பரவிய சமயத்தில், காய்ச்சலில் கிடந்த இருவரின் ரத்தத்தில் அகப்பட்டது இது. சண்டிபுரா அங்குள்ள ஒரு கிராமம். சாதாரணக் காய்ச்சல்தானே என்று பல ஆண்டுகள் யாரும் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2003இல் அன்றைய ஆந்திராவில் மூளைக்காய்ச்சல் கண்ட 329 பிள்ளைகளில் 183 பேர் இறந்த பிறகுதான் இதன் முழுக் கொடூரம் தெரிந்தது.

பரப்புவது மணல் ஈ. ஈ என்று பெயரே தவிர, கொசுவைவிடச் சிறியது. இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். உடம்பெல்லாம் ரோமம், உட்காரும்போதும் சிறகை உயர்த்தியே வைத்திருக்கும். ரீங்காரம் கிடையாது, கடித்த பிறகே தெரியும். சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் சுலபமாக நுழைந்துவிடும். தேங்கிய தண்ணீரில் இது முட்டையிடாது. தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, டயரை அப்புறப்படுத்தி டெங்குவுக்குச் செய்யும் வேலை எதுவும் இதனிடம் செல்லாது. சாணமும் குப்பையும் மக்கிய ஈரமண், மாட்டுத் தொழுவம், மண்சுவரின் விரிசல் ஆகியவைதான் இதன் குடித்தனம். மழைக்காலம் வந்தால் பெருகும். யார் வீட்டில் மண்சுவர் இருக்கிறது, யார் வீட்டுக் குழந்தை தொழுவத்தை ஒட்டிப் படுக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

தடுப்பூசி இல்லை, இந்த வைரஸுக்கென்று மருந்தும் இல்லை. வலிப்பை அடக்கி, மூளை வீக்கத்தைக் குறைத்து, மூச்சுக்குத் துணை நிற்பதுதான் சிகிச்சை. அதற்கும் நேரம் வேண்டும். அறிகுறி தெரிந்து 48 மணி நேரத்துக்குள் மரணம் நேரலாம்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து தாலுகா மருத்துவமனை, அங்கிருந்து மாவட்டத் தலைநகர் என்று அனுப்புவதிலேயே பாதி கரைந்துவிடுகிறது. கண்டுபிடித்து அரை நூற்றாண்டு தாண்டியும் தடுப்பூசி வராததற்கு விஞ்ஞானத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நகரத்துப் பிள்ளைகளைத் தாக்கியிருந்தால் இத்தனை காலம் ஆகியிருக்குமா?

2024 ஜூன் தொடக்கம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இந்தியாவில் மூளைக்காய்ச்சல் அறிகுறியோடு வந்தவர்கள் 245 பேர். 82 பேர் இறந்தார்கள். அந்த 245 பேரில் 64 பேருக்குச் சண்டிபுரா உறுதியானது. குஜராத் கிராமங்களில் வீடு வீடாக மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லிப் பொடி தூவினார்கள், பிள்ளைகள் சாகத் தொடங்கிய பிறகு.