130 மீட்டர் பாட்டு

பாபநாசம் சிவன் தானே சொல் கட்டி, தானே மெட்டமைத்து, தானே பாடியவர். 1890-இல் தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் பிறந்தார். இயற்பெயர் ராமய்யா. திருவனந்தபுரத்தில் வளர்ந்து, காவிரிக் கரைக்கே திரும்பி, கோயில் வீதிகளில் பஜனை பாடிக்கொண்டிருந்த அவரை 1930களில் சினிமா அழைத்துக்கொண்டது. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' படத்துக்கு அவர் எழுதிய பாட்டுகளை, மாயவரத்தில் பிறந்த தியாகராஜ பாகவதர் பாடினார். சென்னை பிராட்வே திரையரங்கில் அந்தப் படம் மூன்று தீபாவளி கண்டது. அதுவரை கச்சேரி மேடையில் அரிதாகவே கேட்ட சாருகேசி ராகம், 'மன்மத லீலை' பாட்டால் பட்டிதொட்டியெல்லாம் பரவியது.

அந்தக் காலத்துப் பாட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுபோனது கிராமபோன் தட்டு. திருவையாற்றில் ஒரு வித்வான் ஆலாபனை, நிரவல், கற்பனைஸ்வரம் என்று விரித்தால் ஒரே கீர்த்தனை முக்கால் மணி நேரம் போகும். தட்டிலோ ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றே கால் நிமிடம்தான். தோடி ராகத்தை நாகஸ்வரத்தில் மணிக்கணக்கில் வாசிக்கக்கூடிய திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் இந்தக் கணக்குக்குள்தான் தோடியைப் பதிவு செய்தார்.

இந்த அளவை வைத்தது ரசிகரும் இல்லை, கம்பெனியும் இல்லை, தட்டின் வடிவக்கணக்கு. பரவலாக விற்ற பத்து அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். மூன்றே கால் நிமிடத்தில் ஏறக்குறைய 250 சுற்று. விளிம்பிலிருந்து நடுவிலுள்ள லேபிள் வரை பாட்டுக்குக் கிடைக்கும் இடம் சுமார் 7 சென்டிமீட்டர். அந்த இடத்தில் சுற்றுக்கு ஒரு பள்ளக் கோடாக 250 வரிகள் வேண்டுமென்றால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்தான் மிஞ்சும். பார்வைக்குப் பல வளையங்களாகத் தெரிந்தாலும் உண்மையில் அது ஒரே சுருள் கோடு. பிரித்து நீட்டினால் சுமார் 130 மீட்டர். ஒரு முழுப் பாட்டின் நீளம் அது.

வரிகளை இன்னும் நெருக்கி வெட்டியிருக்கலாமே என்று தோன்றும். அந்தக் கோடு நேர்கோடு அல்ல. பாடகரின் குரல் அதிர்வதற்கேற்ப இடமும் வலமும் நெளிகிறது. நொடிக்கு 1000 முறை அதிரும் ஒலி, தட்டின் வெளி விளிம்பில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நெளிவு போடும். உள்ளே போகப் போகச் சுற்றளவு குறைவதால், அதே ஒலி அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடத்தில் அடங்கவேண்டும். கனத்த ஒலியோ அகலமாக நெளியும். மிருதங்கத்தின் இடந்தலைக் கும்கி முழு வீச்சில் பதிந்தால், வரப்பு உடைந்து மடை நீர் அடுத்த வயலுக்குள் புகுவதுபோல ஒரு வரி பக்கத்து வரியில் போய் முட்டும். ஆகவே பதியும்போதே கனத்த ஒலியைக் குறைத்துவிடுவார்கள். பழைய தட்டுகளில் மிருதங்கம் மெலிந்து கேட்பதற்கு இது ஒரு காரணம். 1925-இல் மின் ஒலிவாங்கி வருவதற்கு முன் நிலைமை இன்னும் மோசம். பாடகர் ஒரு புனலுக்குள் உரக்கப் பாடவேண்டும். தம்புரா காணாமலே போய்விடும்.

தட்டைச் செய்தது எதனால் என்பது எனக்கு இன்னும் பெரிய வியப்பு. அரக்கு! துரியோதனன் பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகையின் அதே அரக்கு. சோட்டா நாக்பூர் காடுகளில் பலாசு, இலந்தை மரக் கிளைகளில் மொய்க்கும் ஒரு சிறு பூச்சி, சாற்றை உறிஞ்சித் தன்னைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் பிசின் அது. உலகத்துத் தட்டு ஆலைகளுக்கு அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது. ஆனால் தொடக்கத்தில் இங்கே பதிவான பாட்டு, தட்டாவதற்கு ஜெர்மனியின் ஹானோவருக்குக் கப்பலேறியது. 1908-இல் கல்கத்தாவில் ஆலை வந்த பிறகுதான் அந்த அலைச்சல் நின்றது.

அரக்கோடு கல்மாவும் கரியும் கலந்துதான் தட்டை அழுத்தி எடுப்பார்கள். கல்மாவு வேண்டுமென்றே சேர்ப்பது. அது எஃகு ஊசியின் முனையைத் தேய்த்து, வரியின் வடிவத்துக்கே கொண்டுவந்துவிடும். தேய வேண்டியது தட்டு அல்ல, ஊசி. அதனால்தான் ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியை மாற்றச் சொன்னார்கள். சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டியில் வேகத்தைக் காத்தது, சுழலும்போது வெளியே விரியும் மூன்று சிறு எடைகள். சுருள்வில் தளர்ந்து 78 சுற்று 74-க்கு அருகே இறங்கினால் பாட்டு ஏறக்குறைய அரைக் கட்டை இறங்கிவிடும். சுருதி சுத்தம் பார்க்கிற தஞ்சாவூர்க் காதுகள் அதைக் கண்டுபிடிக்காமல் விட்டிருக்குமா?

தட்டு வந்து சங்கீதத்தைச் சுருக்கிவிட்டது என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆலாபனைக்கு இடமில்லாத மூன்று நிமிடத்தில், எடுத்த எடுப்பில் பல்லவி வந்து மனத்தில் ஒட்டவேண்டும். சொல் தெளிவாகக் காதில் விழவேண்டும். வீதியில் பலரோடு சேர்ந்து பாடிப் பழகிய சிவனுக்கு அது இயல்பாக வந்தது. கச்சேரிக்கு வாய்ப்பில்லாத டெல்டா கிராமத்து உழவர்கள் காதுக்கும் ராகங்கள் போனது அப்படித்தான். 1948-இல் நீண்டநேரத் தட்டும், அடுத்த ஆண்டு 45 சுற்றுச் சிறு தட்டும் அமெரிக்காவில் வந்தன. இந்தியாவில் 1960களிலும் 78 சுற்று ஓடியது. பீட்டில்ஸ் பாட்டுகளும் இங்கே அந்தத் தட்டில் வெளிவந்தன. தட்டின் கட்டுப்பாடு இல்லாத 2021-இல், தீ, அறிவு என்ற இரு பாடகர்கள் பாடி வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' என்ற தனிப்பாடலும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

உங்கள் வீட்டுப் பரணில் இத்தகைய தட்டுகள் இருந்தால், படுக்கையாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். சாராயம் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்காதீர்கள். சாராயத்தில் அரக்கு கரையும், பாட்டும் அதோடு போய்விடும். வைத்துக்கொள்ள இடமில்லையென்றால் பழைய சாமான்காரரிடம் போடவேண்டாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களைக் கேட்டுப்பாருங்கள்.