கையை எங்கே வைக்கிறீர்கள்?

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணறு பக்கம் 'இடுப்பு வலிக்குது' என்று சொல்லாத வீடு குறைவு. கரிசல் காட்டில் நாளெல்லாம் குனிந்து களை வெட்டி, பருத்தி எடுத்து, நூறு நாள் வேலையில் மண் சுமக்கிறவர்களுக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் எல்லாம் ஒரே வலி இல்லை. வலிக்கிற இடத்தில் கையை வைக்கச் சொன்னால் பாதி தெரிந்துவிடும்.

கை பின்பக்கம் முதுகெலும்பை ஒட்டிப் போனால், பெரும்பாலும் தசைப்பிடிப்பு அல்லது தண்டுவட ஜவ்வு. சுரீரென்று கால்வரை இறங்கினால் நரம்பு அழுந்துகிறது. அதிகம் பேருக்கு இந்தப் பின்பக்க வலிதான். பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும்.

கை பக்கவாட்டில், குடம் உட்காருகிற எலும்புக்குக் கீழே போகிறதா? அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லையா? அங்கே தொடை எலும்பின் முனையில் புட்டத் தசையின் நாண் ஒட்டியிருக்கிறது. ஒரே பக்கம் இடுப்பை ஒடித்துக் குடம் வைத்து, குழாயடியில் அப்படியே நிற்கும்போது அந்த நாண் எலும்போடு அழுந்துகிறது. நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கு இது சகஜம். பக்கத்தை மாற்றுங்கள், சின்னக் குடமாக எடுங்கள். பிசியோதெரபி பயிற்சியில் நன்றாகக் குறையும்.

நான் கவலைப்படுவது மூன்றாவது ஆளுக்காக. அவர் கை முன்பக்கம் தொடை இடுக்கில் போகும். குத்தவைத்து உட்கார முடியாது, சம்மணம் போட முடியாது, கால் நகம் வெட்டக் குனிந்தால் பிடிக்கும். கோளாறு பந்துக்கிண்ண மூட்டிலேயே இருக்கலாம். சிலருக்கு இந்த வலி முழங்காலில் மட்டும் தெரியும். முழங்காலைப் படம் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. வயதானவர்களுக்கு மூட்டுத் தேய்மானம். முப்பது, நாற்பது வயது ஆளுக்கு என்றால், ரத்த ஓட்டம் நின்று பந்து எலும்பு செத்துப்போகிற நோயையும் நினைக்க வேண்டும். அதற்குப் பெரிய காரணங்கள் இரண்டு: குடியும் ஸ்டீராய்டும். பெயர் போடாத பொட்டலத்தில் வருகிற வலிப் பொடியில் அந்த ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். இந்த எலும்பு நோய் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும்.

இன்னொன்று, கிழவி வழுக்கி விழுந்து எழ முடியாமல், கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள். எலும்பு முறிந்திருக்கும். காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டில் இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கும் இடமுண்டு. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். தொடை இடுக்கு வலி இரண்டு வாரம் தாண்டினால் எலும்பு டாக்டரைப் பாருங்கள். பொட்டலப் பொடி வாங்கவே வாங்காதீர்கள். ஏற்கெனவே நெடுநாளாகச் சாப்பிடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தாமல், பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.