‘மட்டும்’ என்ற சொல்லில் வழுக்கும் கணக்கு

ஐம்பது பேரைக் கேட்டதில் 30 பேர் டீ குடிக்கிறார்கள், 25 பேர் காபி குடிக்கிறார்கள், 5 பேர் இரண்டையும் தொடுவதில்லை. டீ மட்டும் குடிப்பவர்கள் எத்தனை பேர்?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பின் ‘கண மொழி’ பாடத்துக்கு உரிய கணக்கு இது. ஏதாவது ஒன்றைக் குடிப்பவர்கள் 45 பேர். முப்பதையும் இருபத்தைந்தையும் கூட்டினால் 55. மிச்சம் நிற்கும் 10 பேர் இரண்டு முறை எண்ணப்பட்டவர்கள், அதாவது இரண்டையும் குடிப்பவர்கள். ஆக, டீ மட்டும் குடிப்பவர்கள் 20.

விடைத்தாளிலோ 10 என்றும் வரும், 30 என்றும் வரும். 10 எழுதுபவர் சூத்திரத்தைப் பிசகாமல் போட்டிருக்கிறார். கேள்வி அதற்கு அப்பால் இன்னொரு படி போகச் சொன்னதைக் கவனிக்கவில்லை. 30 எழுதுபவரின் கண்ணில் ‘மட்டும்’ படவே இல்லை. இருவருக்கும் கழித்தல் தெரியும். சறுக்கியது தமிழில்.

கேம்பிரிட்ஜில் தர்க்கம் கற்பித்த ஜான் வென் 1880-இல் வெளியிட்ட வட்டங்கள் இந்தச் சறுக்கலுக்கு நல்ல மருந்து. அவர் படித்த கல்லூரியின் உணவுக்கூடத்தில் மூன்று வட்டங்களை வண்ணக் கண்ணாடி ஜன்னலாகவே வைத்திருக்கிறார்கள். கணக்குக்கு வட்டங்களை வரையும்போது, அவை வெட்டிக்கொள்ளும் நடுப்பகுதியை முதலில் நிரப்பி, அங்கிருந்து வெளியே வரவேண்டும். அப்படிச் செய்தால் ‘மட்டும்’ தனக்கான இடத்தில் தானே போய் உட்காரும். நம் பிள்ளைகள் பலர் சூத்திரத்தில் விடையைப் போட்டுவிட்டுப் படத்தை ஒப்புக்கு வரைகிறார்கள்.

இலங்கைப் பாடநூலில் கணம் ‘தொடை’ ஆகிறது, இயற்கணிதம் ‘அட்சரகணிதம்’ ஆகிறது. ‘மட்டும்’ அங்கேயும் ‘மட்டும்’தான்.

இந்தச் சறுக்கலுக்குப் பயிற்சி போதாததே காரணம், நூறு கணக்கு போட்டால் தானாக வரும் என்கிற ஆசிரியர்களும் உண்டு. வரும்தான், நூற்றியோராவது கணக்கில் ஒரு சொல் மாறும்வரை.

இயற்கணிதத்தில் நிலைமை இன்னும் மோசம். மாணவர்கள் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு, மாணவர் எண்ணிக்கை ‘மா’, பேராசிரியர் எண்ணிக்கை ‘பே’, சமன்பாடு எழுதவும். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தவறாக எழுதினார்கள். பெரும்பாலான தவறுகள் ஒரே அச்சு: 6மா = பே. ‘மா’ ஓர் எண் என்பதை மறந்து, மாணவர் என்ற சொல்லின் சுருக்கமாக அதை வாசித்துவிட்டார்கள். பேராசிரியர் 10, மாணவர் 60 என்று போட்டுப் பார்த்திருந்தால் 360 = 10 என்று அபத்தம் பல்லிளித்திருக்கும்.

வயதுக் கணக்கும் இப்படித்தான். தந்தையின் வயது மகனின் வயதைப் போல் மூன்று மடங்கு. பத்து ஆண்டுக்குப் பின் இரண்டு மடங்கு. மகனுக்கு 10, தந்தைக்கு 30. ‘பத்து ஆண்டுக்குப் பின்’ என்பதைத் தந்தையோடு நிறுத்திக்கொண்டு, மகனுக்கும் வயது ஏறும் என்பதை விட்டுவிட்டால், மகனின் வயது கழித்தல் பத்து என்று வரும். பையன் பிறக்கவே இன்னும் பத்து ஆண்டு ஆகும். அந்த விடையின் கீழ் அடிக்கோல் வைத்து இரண்டு கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறது பேனா.