குதிரை மேல் ஏறுமுன்...

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் கண்டிப் பக்கத்து வீடுகளில் ஒரே கேள்விதான். “வாப்பா, இந்த லீவுக்கு எங்கே போறோம்?” பேராதனைப் பூங்கா பார்த்தாகிவிட்டது. கண்டிக் குளத்தைச் சுற்றி நடந்தாகிவிட்டது. நுவரெலியாவுக்குப் போய்க் குளிரில் நடுங்கியும் வந்தாகிவிட்டது. இப்போது பிள்ளைகள் வேறொன்று கேட்கிறார்கள்: “குதிரையில ஏறணும்!”

கேட்டதும் உம்மாவுக்கு நெஞ்சு படபடக்கிறது. “விழுந்தா கை கால் முறிஞ்சிடும், வேணாம்” என்கிறார். வாப்பாவோ, “அதுக்கென்ன, ஏத்தி இறக்கினா அஞ்சு நிமிஷ வேலை” என்கிறார். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கொஞ்சம் தவறும் இருக்கிறது.

பிள்ளையின் ஆசையைத் தட்டிக்கழிக்கத் தேவையில்லை. ஆனால் ஐந்து நிமிட வேலை என்றும் நினைத்துவிடாதீர்கள். இதில் இரண்டு உயிர்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன. ஒன்று உங்கள் பிள்ளை. மற்றொன்று, வாய் திறந்து “எனக்கு வலிக்கிறது” என்று சொல்லத் தெரியாத அந்தக் குதிரை. இரண்டையும் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

மலைக்குக் குதிரை வந்த கதை

கண்டி மலைகள் குதிரைக்குப் பழக்கப்பட்ட பூமி அல்ல. கண்டி மன்னர்களின் காலத்தில் மலைநாட்டுப் பாதைகள் வேண்டுமென்றே ஒடுக்கமாக வைக்கப்பட்டிருந்தன. அகலமான பாதை இருந்தால் எதிரிப் படை சுலபமாக ஏறி வந்துவிடுமே! அந்த ஒற்றையடிப் பாதைகளில் பாரம் சுமந்தவை மாடுகள். பொதி மாடுகளின் கூட்டத்தைத் தவளம் என்பார்கள். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மேலே ஏறின. மலையிலிருந்து பாக்கு கீழே இறங்கியது. இந்தப் போக்குவரத்துக்கென்றே ‘மடிகே’ என்ற அரசாங்கப் பிரிவு ஒன்று இருந்தது. அதில் பணி செய்தவர்களில் கண்டி இராச்சியத்து முஸ்லிம்கள் பலர். மாடு எவ்வளவு சுமக்கும், எங்கே தண்ணீர் காட்ட வேண்டும், எப்போது பொதியை இறக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் அந்தத் தொழிலை ஒரு நாளும் செய்திருக்க முடியாது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு – கண்டி வீதி வெட்டப்பட்டது. அந்த வீதியை அமைத்த கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவருடைய ஞாபகார்த்தமாக எழுப்பிய கோபுரத்தைக் கடுகண்ணாவையில் பஸ்ஸிலிருந்தே பார்த்திருப்பீர்கள். வீதி வந்த பிறகுதான் குதிரைகளுக்கு வேலை வந்தது. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. 1867இல் ரயில் கண்டியை அடைந்ததும் அந்த வண்டிகளின் காலம் முடிந்துபோனது.

அதன் பின் மலையகத்தில் குதிரையைப் பெரும்பாலும் காணக்கூடிய இடம் நுவரெலியா. அங்கே 1875இல் தொடங்கிய பந்தயத் திடல் இன்றும் இருக்கிறது. பந்தயமும் பந்தயம் கட்டுவதும் நமக்கு வேண்டாத விவகாரம். ஆனால் அதோடு சேர்த்துக் குதிரையேற்றத்தையே ஒதுக்கிவிடக் கூடாது. குர்ஆனில் ‘அல் ஆதியாத்’ என்ற அத்தியாயம், பாய்ந்தோடும் குதிரைகளின் பெயராலேயே அமைந்திருப்பதை நம் பிள்ளைகள் மத்ரஸாவில் ஓதியிருப்பார்களே!

எங்கே போகலாம்?

கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் போனால் திகன வரும். அங்கிருந்து ராஜவெல்லப் பக்கம் திரும்பினால் விக்டோரியா நீர்த்தேக்கக் கரை. 1985இல் திறக்கப்பட்ட 122 மீட்டர் உயர அணைக்கட்டு மகாவலியை மறித்து நிற்கிறது. பழைய தெல்தெனிய நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. அணையைச் சுற்றியுள்ள மலைகளும் காடும் 1987இல் விக்டோரியா – ரந்தெனிகல – ரந்தம்பை சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. இதன் பரப்பு ஏறத்தாழ 42,000 ஹெக்டேயர். காட்டு யானையும் உண்டு.

இந்தக் கரையில் கொல்ஃப் மைதானத்தை அடுத்து, ‘விக்டோரியா செடில் கிளப்’ என்ற பெயரில் குதிரையேற்றப் பயிற்சியும் வழிகாட்டியோடு சவாரியும் நடந்து வந்திருக்கின்றன. இத்தகைய இடங்கள் சில காலம் நடப்பதும் சில காலம் நிற்பதும் உண்டு. ஆகவே பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்குமுன் தொலைபேசியில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வடக்கே தெரிவது நக்கிள்ஸ் மலைத்தொடர். மடக்கிய கைவிரல் முட்டிகளைப் போலத் தெரிவதால் ஆங்கிலேயர் வைத்த பெயர். நம்மூரார் தும்பர மலை என்பார்கள். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி இது. உலகில் வேறெங்குமில்லாத, மூக்கில் இலை போன்ற கொம்புள்ள ஓணான் ஒன்று இங்கேதான் வாழ்கிறது. இந்தக் காட்டுக்குள் கால்நடையாகப் போவதே நல்லது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் குதிரையைப் பாருங்கள்

எங்கே போனாலும் சரி, காசு கொடுக்குமுன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். குதிரையைச் சுற்றி, கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.

விலா எலும்பை எண்ண முடிகிறதா? தோள் மேட்டிலும் வயிற்றுப் பட்டை உராயும் இடத்திலும் புண் இருக்கிறதா? நடக்கும்போது தலையை ஏற்றி இறக்கி நொண்டுகிறதா? குளம்பு வெடித்து, லாடம் கழன்று ஆடுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஏறாதீர்கள். பிள்ளை அழுதாலும் பரவாயில்லை. புண்ணின் மேல் சேணத்தைப் போட்டு, அதன் மேல் ஆளை ஏற்றினால் குதிரை பொறுத்துக்கொண்டே இருக்கும் என்று யார் சொன்னது? ஒரு கட்டத்தில் அது உதறும். அப்போது கீழே விழுவது உங்கள் பிள்ளை.

தண்ணீர்த் தொட்டி எங்கே என்று கேளுங்கள். வளர்ந்த குதிரைக்கு ஒரு நாளைக்கு 25 லீட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். வெயிலில் உழைத்தால் இன்னும் அதிகம். நிழல் இருக்கிறதா? ஒரு சவாரிக்கும் அடுத்த சவாரிக்கும் இடையில் சேணத்தைத் தளர்த்தி ஓய்வு கொடுக்கிறார்களா? இப்படிக் கேட்பதில் வெட்கமில்லை. நல்ல குதிரைக்காரர் இந்தக் கேள்விகளைக் கேட்டால் சந்தோஷப்படுவார்.

அடுத்தது பாரம். சேணத்தோடு சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது குதிரை வளர்ப்போர் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு. 300 கிலோ எடையுள்ள மட்டக் குதிரை என்றால் 60 கிலோ. அதில் சேணத்தைக் கழித்துவிட்டால் எவ்வளவு மிஞ்சும்? வாப்பாவும் மகனும் ஒரே மட்டக் குதிரையில் ஏறிப் படம் எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்று இப்போது விளங்குகிறதா?

வாகனப் பிராணிகளின் முதுகை ஆசனமாக்கிக்கொண்டு, ஏறியபடியே நின்று பேசிக்கொண்டிருப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. சவாரி முடிந்ததும் இறங்கிவிடுங்கள். கைபேசியில் படம் எடுப்பதைத் தரையில் நின்று எடுங்கள்.

பிள்ளையை ஏற்றுமுன்

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. சுற்றிலும் பெரும்பகுதி அதற்குத் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. பின்னால் ஓசைப்படாமல் போகும் பிள்ளையை அது புலி என்றே நினைக்கும், உதைக்கும். எனவே தோள் பக்கமாகப் போய், மெதுவாகப் பேசி, கழுத்தைத் தடவிக் கொடுக்கக் கற்பியுங்கள். காதை முன்னால் வைத்திருந்தால் கவனிக்கிறது என்று அர்த்தம். காதைப் பின்னுக்கு ஒட்டவைத்தால் கோபம். விலகிவிட வேண்டும்.

தலைக்கவசம் இல்லாமல் ஏற்றவே வேண்டாம். குதிரையிலிருந்து விழுவோருக்கு நேரும் காயங்களில் ஆபத்தானது தலைக்காயம். சவாரிக்கென்று செய்த தலைக்கவசம், தாடைப் பட்டியோடு, தலைக்கு அளவாக இருக்க வேண்டும். “மெதுவாத்தான் நடக்கும், வேணாம்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். நின்ற குதிரையிலிருந்து விழுந்தாலும் உயரம் உயரம்தான்.

காலில் செருப்பு கூடாது. சிறிய குதி வைத்த மூடிய சப்பாத்து வேண்டும். குதி இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் முழுதாக நுழைந்து மாட்டிக்கொள்ளும். விழும்போது கால் மாட்டினால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். முன்பாதம் மட்டும் அங்கவடியில் இருக்கட்டும். குதி கீழே சாய்ந்திருக்கட்டும். கடிவாள வாரையோ கயிற்றையோ ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. ஏற்புவலித் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பிள்ளையின் சுகாதார அட்டையையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற குதிரைகளையும் சில இடங்களில் சவாரிக்கு விடுகிறார்கள். வேகத்துக்கே பழகிய உயிர் அது. முதன்முறை ஏறும் பிள்ளைக்கு வயதான, அமைதியான மட்டக் குதிரையைக் கேளுங்கள். சிறு பிள்ளை என்றால் குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்தபடி கூடவே நடந்து வர வேண்டும்.

பெண்பிள்ளைகள் ஏறலாமா?

ஏன் கூடாது, சகோதரிகளே? தயக்கம் பெரும்பாலும் உடையில்தான். நீளமான அங்கியின் விளிம்பு சேணத்தில் சிக்கும். தளர்வான காற்சட்டையும் முழங்கால் வரை வரும் மேலாடையும் போதும். தலைத்துணியின் நுனிகளை உள்ளே செருகிவிடுங்கள். காற்றில் படபடக்கும் துணி குதிரையை மிரட்டும். தலைக்கவசம் சரியாக உட்கார, மெல்லிய துணியாக இருக்கட்டும். ஊசி குத்த வேண்டாம். ஏறி இறங்க உம்மாவோ ராத்தாவோ கைகொடுக்கலாம். மரப்படி ஒன்று வைத்திருந்தால் யாருடைய கையும் தேவைப்படாது. குதிரையின் முதுகுக்கும் அது நல்லது.

மலைப்பாதையில்

மலையில் நடை மட்டுமே. குதிரை நடந்தாலே மணிக்கு ஆறு கிலோமீட்டர் அளவு போகும். காட்சி பார்க்க அது போதும். ஏற்றத்தில் உடம்பைச் சற்று முன்னுக்குக் கொடுங்கள். இறக்கத்தில் நிமிர்ந்து உட்காருங்கள். முன்னால் போகும் குதிரைக்கும் உங்கள் குதிரைக்கும் இடையே ஒரு குதிரை நீளமாவது இடைவெளி இருக்கட்டும். கத்துவது, பிளாஸ்டிக் பையைச் சரசரக்க விடுவது, தின்பண்டம் வீசுவது எல்லாம் ஆபத்து. மழை பெய்து மண் வழுக்கும் நாளில் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். வழிகாட்டி “திரும்பிடுவோம்” என்றால் திரும்பிவிடுங்கள். யானை வழியை அறிந்தவர் அவர், நீங்கள் அல்ல.

நக்கிள்ஸ் காட்டுக்குக் கால்நடையாகப் போகச் சொன்னேன் அல்லவா? லாடம் அடித்த குளம்பு ஈரமான சரிவில் மண்ணைப் பெயர்த்துவிடும். அடுத்த மழையில் அந்தத் தடமே ஓடையாகும். குதிரை தின்ற புல்லின் விதைகள் இலத்தியோடு விழுந்து, காட்டுக்கு அந்நியமான களைகளாக முளைக்கும். மகாவலிக்குத் தண்ணீர் சேர்க்கும் காடு அது. அந்தத் தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம். ஆகவே சவாரி என்பது வண்டிப் பாதைகளிலும் தோட்ட வீதிகளிலும் நடக்கட்டும்.

சவாரி முடிந்ததும்

பிள்ளையை இறக்கியவுடன் காருக்கு ஓடாதீர்கள். குதிரையின் கழுத்தைத் தட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். சேணத்தைக் கழற்றுவதையும், தண்ணீர் காட்டுவதையும், வியர்வையைத் துடைப்பதையும் நின்று பார்க்கட்டும். குதிரைக்காரர் விட்டால் பிள்ளையே ஒரு வாளி தண்ணீர் கொண்டுபோய் வைக்கட்டும். முதுகில் ஏறியதை விட இந்தப் பத்து நிமிடமே அவன் மனதில் அதிகம் பதியலாம்.

தவளம் ஓட்டிய நம் முன்னோர்கள் பொதியை இறக்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய மலைகள்தான் இவை. சுமக்கும் உயிர் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அடுத்த விடுமுறையில் “குதிரையில ஏறணும்” என்று பிள்ளை கேட்டால், “சரி மகன், போவோம். முதல்ல குதிரை நல்லா இருக்கான்னு பார்ப்போம்” என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பதிலை அவன் தன் பிள்ளைக்கும் ஒரு நாள் சொல்வான், இன்ஷா அல்லாஹ்.