பல்லுக்கு கிளிப் போட்டா நாக்கு ருசி போயிடுமா?

பல்லுக்கு கிளிப் போட்ட முதல் வாரம் வீட்டில் கேட்கும் முதல் புகார் வலி. அடுத்தது சாப்பாடு. "மீன் குழம்பு சப்புன்னு இருக்கு", "தண்ணி குடிச்சாக்கூட இரும்பு வாசனை வருது" என்று பிள்ளைகள் தட்டைத் தள்ளி வைக்கிறார்கள். காசிமேட்டில் மீன் வாங்கிச் சமைத்த அம்மாவுக்கு, குழம்பில் தப்பா, கிளிப்பில் தப்பா என்ற குழப்பம்.

உண்மையில் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பிராக்கெட்டும் கம்பியும் பல்லில் ஒட்டுபவை. சுவை அரும்புகள் இருப்பது நாக்கிலும், மேல் அண்ணத்தின் பின்பக்கத்திலும், தொண்டையிலும். அந்த அரும்புகளுக்குள் இருக்கும் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கின்றன. கம்பி போய் அவற்றை அழித்துவிடுவதில்லை. அப்படியானால் ருசி மட்டும் ஏன் மாறுகிறது?

இதற்கு நம்ம ஊர் அறுசுவைக் கணக்கே பாதி பதில் சொல்லிவிடும். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, கார்ப்பு, துவர்ப்பு என்று நாம் ஆறு சொல்கிறோம். அறிவியல் ஐந்துதான் சொல்கிறது. முதல் நான்கோடு, 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கண்டு சொன்ன உமாமி. கார்ப்பும் துவர்ப்பும் அந்தப் பட்டியலில் இல்லை. காரம் என்பது சூட்டையும் எரிச்சலையும் மூளைக்குச் சொல்லும் நரம்பின் வேலை. மிளகாயில் உள்ள கேப்சைசின் அந்த நரம்பைத்தான் தூண்டுகிறது. துவர்ப்பில் வாய் சுருங்குகிற தொடு உணர்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

கிளிப் போட்ட வாயில் அடிவாங்குவது இந்த இரண்டும்தான். கம்பி முனை கன்னத்தின் உட்புறத்தில் உரசிப் புண்ணாக்குகிறது. நேற்று வரை ரசித்த நண்டு மசாலா, புண்ணில் பட்டதும் வெறும் எரிச்சலாகிவிடுகிறது. அதனால் காரத்தைக் குறைக்கிறார்கள். காரம் குறைந்தால் நமக்குச் சாப்பாடே சப்பென்று ஆகிவிடும், அவ்வளவுதான்.

அடுத்தது மெல்லுவது. கம்பி மாட்டிய சில மணி நேரத்தில் வலி தொடங்கி, ஒரு நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கும். அந்த நாட்களில் சரியாக மெல்லாமல் விழுங்குகிறார்கள். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு வாசனை. மெல்லும்போதுதான் அது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. மெல்லவில்லை என்றால் கருவாட்டுக் குழம்பும் கஞ்சியும் ஏறக்குறைய ஒன்றுதான். பீச் லைன் பக்கம் விற்கும் அத்தோவை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நொறுக்கிப் போடும் மொறுமொறுப்பு இல்லாமல் அதைச் சாப்பிட்டால் அது அத்தோவே இல்லை. ஆனால் அந்த மொறுமொறுப்பும், முறுக்கும், தட்டுவடையும்தான் பிராக்கெட்டைப் பிடுங்கிவிடும் என்று டாக்டர் தடை போடுகிறார். (அத்தோவில் உள்ள மஞ்சள், பிராக்கெட்டைச் சுற்றியுள்ள நிறமில்லாத ரப்பரையும் மஞ்சளாக்கும். அது ருசிப் பிரச்சினை இல்லை, செல்ஃபிப் பிரச்சினை.)

அப்ப அந்த இரும்பு வாசனை? பிராக்கெட் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. கம்பியில் பல நேரம் நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த உலோகம் அது. வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும் குணம்தான் பல்லை மெல்ல இழுக்கிறது. எச்சிலில் இவற்றிலிருந்து கொஞ்சம் நிக்கல் கரையும். தினசரிச் சாப்பாட்டில் உடலுக்குள் போகும் நிக்கலோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. ஆனால் கவரிங் கம்மல் போட்டாலே காது அரித்துப் புண்ணாகிறவர்கள், கிளிப் போடும் முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். நிக்கல் இல்லாத கம்பிகளும் உண்டு.

பல நேரம் இரும்பு ருசிக்குக் காரணம் கம்பியே இல்லை, ஈறு. பிராக்கெட் இடுக்கில் அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கி, துலக்கும்போது ரத்தம் கசிகிறது. ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, நாக்குக்கு அது தெரிகிறது. இதை அசட்டை செய்தால் ருசியோடு நிற்காது. ஈறும் போகும், பிராக்கெட்டைச் சுற்றிப் பல்லில் வெள்ளைத் தழும்பும் விழும்.

ஈறு வீக்கத்துக்குக் கொடுக்கும் குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷும் ஒரு காரணம். அது உப்புச் சுவையைத் தற்காலிகமாக மங்க வைக்கும். குழம்பில் உப்பே இல்லை என்று பிள்ளை சொன்னால், மறுபடி உப்பு அள்ளிப் போடும் முன் பாத்ரூம் அலமாரியைப் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன் கொப்பளிக்காமல், சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கொப்பளித்தால் இந்தத் தொல்லை குறையும். டாக்டர் சொன்ன நாட்களுக்கு மேல் நீட்டிக்கவும் கூடாது.

ரிடெய்னர் தட்டு கதை வேறு. அது மேல் அண்ணத்தை மூடுவதால் சூடும் உணவின் பதமும் சரியாகத் தெரியாது, கழற்றினால் சரியாகிவிடும். சாப்பிடும்போது கழற்றலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வளர்கிற வயசுப் பிள்ளை ருசி இல்லை என்று வாரக்கணக்கில் டீயும் பிஸ்கெட்டுமாக ஓட்டுவது ஒன்று. வெறுத்துப்போய் பாதியில் கிளிப்பைக் கழற்றுவது இன்னொன்று. நகர்ந்த பல் திரும்பப் போகும், கட்டிய பணமும் போகும். முதல் வாரத்துக்கு முள் எடுத்து உதிர்த்த சங்கரா மீன், குழைய வேகவைத்த பருப்பு சாதம், முட்டை, தயிர் போதும். உரசும் இடத்தில் ஒட்ட மெழுகு கேட்டால் கொடுப்பார்கள். புண் ஆறியதும் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

ஒரு மாதத்துக்கு மேல் ருசியே தெரியவில்லை, நாக்கு மரத்திருக்கிறது, உதடு வீங்குகிறது என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். கிளிப்புக்காகக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். நாக்குக்குப் போகும் நரம்பு அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. வாசனையும் சேர்ந்து போயிருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்ப்பது நல்லது. எண்ணூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது மூக்கும் தொண்டையும் எரிந்த ஊர் அது. எல்லாப் பழியையும் கிளிப் மேல் போட முடியாது.

தனியார் கிளினிக்குக்குத் திரும்பத் திரும்பப் பணம் கட்ட முடியாதவர்களுக்கு, கோட்டை ரயில் நிலையம் அருகே முத்துசாமி சாலையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1953-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. பல் சீரமைப்புக்குத் தனித் துறையே உண்டு. கிளிப் போட்ட இடத்தின் சீட்டையும், இப்போது குடிக்கும் மாத்திரை, மவுத்வாஷ் பெயர்களையும் கையோடு கொண்டு போங்கள்.